எண்ணெய்க்குக் காய்ச்சல்

"அறுபத்தஞ்சு! மேல ஏறவே மாட்டேங்குது!" என்று காருக்குள்ளிருந்து கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

"ஆக்சிலேட்டரை மிதிங்க மாமா!" என்றான் வெளியே நின்ற மச்சான், அவர் மனைவியின் தம்பி.

"மிதிச்சா டொக்டொக்குனு அடிக்குதுடா! வாங்க வர்றவர் காதுல அது விழுந்தா வண்டி போகுமா?"

அந்தச் சத்தம்தான் வினையே. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. வெண்ணெய் நிறம், பளபளவென்று பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் இன்ஜின் எண்ணெய் ஆறிக் கிடந்தால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். சூடு தொண்ணூறு டிகிரிக்கு ஏறிவிட்டால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். நூற்றுப்பத்தைத் தாண்டினாலோ எண்ணெய் தண்ணீராய் இளகி மறுபடியும் தட்டல், கூடவே புகை. ஆக, வாங்குகிறவர் வாசலில் வந்து இறங்கும்போது எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றாக வேண்டும்.

வண்டி இன்றைக்கு விலை போகாவிட்டால் மனைவி வீட்டுக்கு வரமாட்டாள். "லீவு நாளானா அதுக்கு அடியில போய்ப் படுத்துக்கறீங்க. இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் தானே சமைத்து, தன்னையே திட்டிக்கொண்டு சாப்பிட்டு வந்தார். இனி ஒரு வேளை கூட அவரால் முடியாது.

"முன்னாடி காத்து போற ஓட்டையை அடைச்சுட்டா சட்டுனு சூடாயிடும் மாமா" என்றான் மச்சான்.

மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, வண்டியின் மூக்கில் வைத்து, பார்சல் டேப்பை இஷ்டத்துக்கு ஒட்டினான். முள் ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. தட்டல் நின்றது. மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போன் அடித்தது. "சார், போட்டோவைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு அதே நினைப்புதான். ஆனா டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம், கொஞ்சம் லேட்டாகும்."

"பரவால்ல சார், மெதுவா வாங்க" என்று தேனாகப் பேசிவிட்டு, போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "விளங்கினாப்லதான்! நூறைத் தாண்டிப் போகுதுடா!"

"அணைச்சுடலாமா?"

"அணைச்சா ஆறிடும். மறுபடி முதல்லேர்ந்து அழணும். அட்டையைப் பிய்!"

பிய்த்தான். டேப்போடு சேர்ந்து பெயின்ட்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

"மாமா... மூஞ்சில தோல் உரிஞ்சுபோச்சு."

"உரிஞ்சா உரியட்டும்! வாங்கறவன் இன்ஜினைத்தான் பார்ப்பான். மேல்பூச்சைப் பார்த்து எவனாவது வண்டி வாங்குவானா?"

நூற்றுப்பதினாறு. புகை எட்டிப் பார்த்தது. காய்ச்சல் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் முதல் வைத்தியம் ஈரத்துணி. ஓடிப்போய்ப் புதுச் சிவப்புத் துண்டை நனைத்து பானெட்டின் மேல் விரித்தார். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. முள் இம்மியும் இறங்கவில்லை. துண்டின் சாயம் மட்டும் இறங்கியிருந்தது.

"அம்மை போட்ட மாதிரி இருக்கு மாமா."

"வர்ணனையை நிறுத்திட்டுப் போய் ஃபேனை எடுத்துட்டு வாடா!"

ஸ்டாண்ட் ஃபேன் வந்தது. ஒயர் எட்டவில்லை. "இன்னும் கிட்ட! இன்னும் கிட்ட!" என்று அவர் உயிரை வாங்க, மச்சான் இழுக்க, விறைத்த ஒயர் பின்னால் சுண்ட, ஃபேன் அவன் கையை விட்டுத் தலைகுப்புறப் போய் இடது விளக்கின் மேல் விழுந்தது. விளக்கு சில்லுச் சில்லாகச் சிதறியது.

ஆனால் விழுந்த இடத்திலேயே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று நேராக மூக்கின் ஓட்டைக்குள் போனது. முள் சரசரவென்று இறங்கி நூற்றுநான்கில் நின்றது.

"தொடாதே! அப்படியே இருக்கட்டும்!" என்று ஆனந்தத்தில் அலறினார்.

மறுபடி போன். இந்தத் தடவை மனைவி. "வண்டி போச்சா?"

"போன மாதிரிதான். இன்ஜின் கச்சேரி பாடுது. நீ பெட்டியைக் கட்டு."

"கட்டியாச்சு. நான் வர்ற வரைக்கும் அடுப்புப் பக்கம் போயிடாதீங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் வேன் வந்து நின்றது. வாங்க வந்தவர் முன்னால் இறங்கினார். அவருக்குப் பின்னால், அளக்கும் டேப்போடு ஒரு வெல்டிங்காரர்.

"கேளுங்க சார்! சத்தமே தெரியாது! எண்ணெய்ச் சூடு நூத்தி நாலு, அம்சமா நிக்குது!"

வந்தவர் காதைக் கொடுக்கவே இல்லை. நேராக வண்டியின் முன்னால் போய் நின்றார். உரிந்த பட்டைகளைப் பார்த்தார். சிவப்புத் திட்டுகளைப் பார்த்தார். விளக்கு இருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

"போட்டோல நல்லா இருந்துச்சே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, திரும்பிப் போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சார்! சார்! இன்ஜினை ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க சார்!" என்று பின்னாலேயே ஓடினார் மருந்துக்கடைக்காரர்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த வெல்டிங்காரருக்கே பாவமாகப் போய்விட்டது.

"விடுங்க சார், இன்ஜினைக் கழட்டி உங்ககிட்டயே குடுத்துடச் சொல்லியிருந்தாரு, அவரோட புதுக் கடைச் சுவர்ல அழகுக்கு மாட்டறதுக்கு இந்த மூஞ்சியை மட்டும்தான் வெட்டி எடுக்க வந்தோம்."