தபால் அக்காவின் எடையும் நலக்குழுவின் சாதனையும்

உலகத்தில் எத்தனையோ பேர் மெலிந்திருக்கிறார்கள். காதலில் மெலிந்தவர்கள், கவலையில் மெலிந்தவர்கள், காய்ச்சலில் மெலிந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளம். ஆனால் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், உறுப்பினர்கள் மூவர் என்று முறைப்படி ஒரு குழு அமைத்து, தீர்மானம் நிறைவேற்றி, ஒரு மனுஷியை மெலிய வைத்த பெருமை எங்கள் காப்பீட்டு அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. அந்தக் குழுவின் செயலாளர் என்ற முறையில், தன்னடக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தபால் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. மாடிப்படிக்குக் கீழே சரிவான கூரை கொண்ட அறைதான் அவருடைய தபால் பிரிவு. வருகிற கடிதங்களை மாடிவாரியாகப் பிரிப்பதும், போகிற உறைகளை ஒட்டி, நிறுத்து, முத்திரை குத்தி அனுப்புவதும் அவர் வேலை. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரை இருந்தது, முழங்கால் வலி இருந்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மாடி ஏற முடியாததால் தபாலை நாங்களே கீழே வந்து வாங்கிக்கொண்டோம். அதை அவரிடம் யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அவர் இல்லாதபோதுதான் சொன்னோம்.

ஒருநாள் அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மிச்சம் வைத்த இரைப்பை ஒரு வாழைப்பழம் பருமன் இருக்குமாம். ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது நூற்றேழு கிலோ. பதினோரு கிலோவை எங்கே இறக்கி வைத்தார் என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கையில், மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இது நம்ம ஆபீஸோட வெற்றி" என்றார்.

"சார், ஆபரேஷன் பண்ணிக்கிட்டது அவங்க" என்றார் துணைச் செயலாளர்.

"லீவு கொடுத்தது யாரு?"

லீவு மனுவில் இருந்தது மேலாளரின் கையெழுத்துதான். ஆகவே வெற்றி எங்களுடையது ஆயிற்று. பழைய விளையாட்டுக் குழு, விளையாட யாருமில்லாததால், 'ஊழியர் உடல்நலன் மேம்பாட்டுக் குழு' என்று பெயர் மாறியது. முதல் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள். ஒவ்வொரு திங்களும் காலை பத்து மணிக்கு அக்காவின் எடை 'அதிகாரபூர்வமாக' எடுக்கப்படும். அதன் வரைபடம் வாசலில் மாட்டப்படும். ஐந்து கிலோ குறையும்போதெல்லாம் ஒரு கேக் வெட்டப்படும். அக்காவைக் கேட்கலாமா என்று யாரோ முனகியது நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எடை பார்க்கும் இயந்திரத்துக்கு நாங்கள் அலையவில்லை. அக்காவின் அறையிலேயே பார்சல் நிறுக்கும் பெரிய தராசு இருந்தது.

"நான் என்ன பார்சலா தம்பி?" என்று கேட்டார்.

"சும்மா ஒரு ஆதரவுக்குத்தான் அக்கா" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அவர் தராசில் நின்றபோது நாங்கள் ஆறு பேரும் குனிந்து எண்ணைப் பார்த்தோம். அக்கா மட்டும் சுவரைப் பார்த்தார்.

எடை இறங்கிய வேகம் இருக்கிறதே, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிடுமோ என்று நாங்களே பயந்தோம். இரண்டாம் மாதம் ஏழு கிலோ, மூன்றாம் மாதம் ஆறு. கேக்குகள் வந்தன. அக்கா கத்தியைப் பிடிப்பார், வெட்டுவார், விலகிக்கொள்வார். ஒருமுறை மரியாதைக்காக ஒரு விரல் கிரீமை வாயில் வைத்துக்கொண்டவர் வியர்த்து, படபடத்து, அரைமணி நேரம் மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தார். அதிலிருந்து அவர் பங்கையும் அவர் சார்பாக நாங்களே சாப்பிட்டோம். திங்கள்தோறும் அக்காவை எடை போட்டோம். மற்ற நாட்களில் நாங்கள் எடை போட்டோம்.

அந்த நாட்களில் ஒருநாள், உறைகளை ஒட்டிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார்:

"பசிங்கறதே இல்ல தம்பி. கடிகாரத்தப் பாத்து சாப்பிடறேன். நாலு ஸ்பூன் உள்ள போனா நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி நின்னுடுது. தண்ணிகூட மொடக்கு மொடக்கா குடிக்க முடியாது, வாயை நனைச்சுக்கணும். காபி வாசம் புடிக்கல. நாக்கே செத்துப் போச்சு."

"நல்லதுதானே அக்கா? பசிதானே உங்களுக்கு எதிரி?"

"எதிரின்னு சொல்ல முடியாது. சின்ன வயசுலேருந்து கூடவே இருந்துச்சு. இப்ப சொல்லாம கொள்ளாமப் போயிடுச்சு. வீட்ல யாரோ இல்லாத மாதிரி இருக்கு."

இதைக் கூட்டக் குறிப்பில் 'பசி முற்றிலும் ஒழிக்கப்பட்டது' என்று பதிவு செய்தேன். மேலாளர் அடிக்கோடிட்டார்.

பிறகு வந்தது தேக்கம். ஒரு திங்கள் தொண்ணூற்று நான்கு. அடுத்த திங்கள் தொண்ணூற்று நான்கு. மூன்றாம் திங்கள் தராசை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தோம், தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று இரண்டுக்குத்தான் அடுத்த கேக். கேக் இல்லாமல் மூன்று வாரம் ஒரு குழு எப்படி நாட்களைக் கழித்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன்.

போதாதற்கு, பதினெட்டு நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருவதாகக் கடிதம் வந்தது. அதைத் தபால் கட்டிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுத்ததும் அக்காதான். மேலாளர் அவரைக் கூட்டத்துக்கு அழைத்தார். இருபத்து நான்கு கிலோ குறைந்திருந்ததால் இரண்டு மாடி ஏறியே வந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் வரைபடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

"மூணு வாரமா அப்படியே நிக்குது. என்ன விளக்கம்?"

"எனக்கே தெரியல சார். அதே அளவுதான் சாப்பிடறேன்."

"அங்கதான் தப்பு. அதே சாப்பிட்டா அதே எடைதான் நிக்கும்."

"ஆஸ்பத்திரியில சாப்பாட்டு ஆலோசகர் அம்மாவை அடுத்த மாசம் பாக்கணும். அப்ப கேக்கறேன்."

"அடுத்த மாசம் இயக்குநர் ஊருக்குப் போயிடுவார்."

நான் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். அக்காவின் எடை எங்கே இருக்க வேண்டும் என்பதை அது காட்டியது. எங்கே இருந்தது என்பதை அக்கா காட்டினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிழை யாருடையது என்பது வெளிப்படை. கூட்டம் முடிந்து போகும்போது நான் மெதுவாகத்தான் சொன்னேன்:

"கொஞ்சம் பாத்துக்குங்க அக்கா. எல்லாருமே உங்களைத்தான் நம்பியிருக்கோம்."

அக்கா தலையாட்டினார்.

இயக்குநரை வரவேற்கும் விழாவில் அக்காவின் முழங்கால் வரை நீண்ட பழைய சட்டை ஒன்றை மேடையில் காட்ட வேண்டும் என்பது மேலாளரின் யோசனை. அக்காவின் கணவர் தையல்காரர். கடை, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மிஷின் போடுமளவு இடம். நான் போனபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"பழசுன்னு எதுவும் இல்லை சார்" என்றார். "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை எல்லாத்தையும் பிரிச்சுப் புடிச்சுட்டே இருக்கேன். இந்த மூணு வாரமாத்தான் கைக்கு ஓய்வு."

"அது ஓய்வில்லங்க, தேக்கம்."

"எனக்கு ஓய்வு மாதிரிதான் தெரிஞ்சுது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா ஒரு விஷயம் சார். நாலு நாளா அவ முட்டையைத் தொட மாட்டேங்கறா. சத்து மாவு கரைச்சுக் கொடுத்தா எனக்குத் தெரியாம ஊத்திடறா. வெறும் தண்ணியும் சூப்புமா ஓட்டறா. கேட்டா ஆபீஸ்ல எல்லாரும் எதிர்பாக்கறாங்கன்னு சொல்றா. சீவினா முடி கையோட வருது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"சொல்றேன்" என்றேன்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். பழைய சட்டை இல்லாத நிலையில், புதிதாகவே ஒரு பழைய சட்டை தைத்துவிடலாம். பழைய அளவுக்கு மேல் நான்கு அங்குலம் கூட்டி. பின்வரிசைக்கும் தெரிய வேண்டுமே. அவர் அளவு நாடாவை எடுத்தார்.

ஒரு வார்த்தை சொல்ல நான் மறக்கவில்லை. ஆனால் அந்தத் திங்கள் தராசு தொண்ணூற்றொன்று காட்டியது. கேக் வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியான சூழ்நிலையில் முட்டையைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகப் படவில்லை.

விழா நாளன்று தொண்ணூறு. மேலாளர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, "தேக்கம் என்றார்கள்; நாங்கள் தேங்கவில்லை. பதினெட்டே நாளில் நான்கு கிலோ" என்றார். நானும் துணைச் செயலாளரும் அந்தச் சட்டையை ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் திரைச்சீலை மாதிரி விரித்துக் காட்டினோம். இயக்குநர் வாய் பிளந்தார். அக்காவைப் பேச அழைத்தார்கள். எழுந்து இரண்டடி வைத்தார். "எல்லாருக்கும்..." என்று தொடங்கினார். அடுத்த சொல் வருவதற்குள் முழங்கால் மடங்கி, துணி சரிவது போலச் சத்தமில்லாமல் சரிந்தார்.

நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

தூக்கிப் போக எதுவும் கிடைக்கவில்லை. அவரைச் சட்டையின் மேல் கிடத்தி நால்வர் நான்கு மூலையைப் பிடித்தோம். கணவர் உறுதியாகத்தான் தைத்திருந்தார். வண்டி வரைக்கும் ஒரு தையல் விடவில்லை. விழாவுக்கு வந்திருந்த அவரும் கூடவே ஓடி வந்தார்.

மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏறியது. மாலையில் உணவு ஆலோசகர் அம்மா வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதங்களைப் பார்த்தவர் அக்காவின் மேல்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது கொழுப்பு குறைஞ்ச எடை இல்லைம்மா. தசையும் தண்ணியும் போயிருக்கு. உங்களை யாரு முட்டையையும் மாவையும் நிறுத்தச் சொன்னது?"



"மூணு வாரம் எடை நின்னுடுச்சு மேடம்" என்றேன் நான், குழுவின் சார்பில்.

"நிக்கும். முதல்ல வேகமா இறங்கும், அப்புறம் மெதுவாகும், நடுவுல நிக்கவும் செய்யும். மாடிப்படி ஏறும்போது நின்னு மூச்சு வாங்கறதில்லையா, உடம்பும் அப்படித்தான். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகற காரியம் இது. பசி இல்லாத நேரத்துலதான் சாப்பாட்டை மருந்து மாதிரி நேரத்துக்கு எடுத்துக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. யாரு அவசரப்படுத்தினா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"யாரும் இல்லை மேடம்" என்றார் அக்கா. "நானாத்தான்."

ஆலோசகர் அம்மா அக்காவைத்தான் திட்டிவிட்டுப் போனார். அக்கா கடைசிவரை எங்கள் பெயரைச் சொல்லவில்லை. குழுவின் மீது அவர் வைத்திருந்த மதிப்புக்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்றார் மேலாளர். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறுவை சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாமலே.

இருபது நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். திங்கள் காலை பத்து மணிக்கு நாங்கள் ஆறு பேரும் தபால் பிரிவுக்குப் போனோம். தராசின் மேல் நான்கு பார்சல்கள் இருந்தன.

"அக்கா, எடை..." என்றார் துணைச் செயலாளர்.

"இதுல தபால் மட்டுந்தான் நிறுப்பேன் தம்பி. உங்ககிட்ட அனுப்பற தபால் எதுவும் இருக்கா?"

இல்லை. மூன்று பேர் நிற்கிற அறையில் ஆறு பேர் திரும்பி வெளியேறுவது அத்தனை சுலபமாக இல்லை. அந்தச் சில மாதங்களில் நாங்கள் கொஞ்சம் அகலமாகியிருந்தோம்.

வரைபடத்தில் கோடு அங்கேயே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு அக்கா ஆலோசகர் அம்மா சொன்னபடி மணி பார்த்துச் சாப்பிட்டார். எடை சில மாதம் இரண்டு கிலோ இறங்கும், சில மாதம் ஒன்று, சில மாதம் சும்மா இருக்கும். கணவர் உள்பக்கம் துணி விட்டே தைத்துக் கொடுத்தார். எட்டாவது மாதம் ஒருநாள் முற்பகலில் அக்கா தபால் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கே வந்து என் மேஜையில் வைத்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"தம்பி, இன்னிக்கு எனக்குப் பசிச்சுது" என்றார். "நெசமாவே. கொஞ்சூண்டு. ஒரு முட்டை, அரை ரொட்டி. ருசியா இருந்துச்சு."

இதையும் கூட்டத்தில் வைத்தேன். ஒழிக்கப்பட்ட பசி அனுமதியின்றித் திரும்பியது எப்படி என்று அக்காவிடம் விளக்கம் கேட்கலாம் என்றார் மேலாளர். கேட்டு எழுதிய கடிதம் தபால் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அது இன்னும் பிரிக்கப்படவில்லை.

இப்போது ஆண்டறிக்கை எழுதும் நேரம். அக்காவின் எடை எழுபத்தெட்டு. ஆக, மொத்தம் குறைந்திருப்பது நாற்பது கிலோ. மொத்தத்தையும் 'குழுவின் சாதனை' என்று போடச் சொல்கிறார் மேலாளர். செயலாளர் என்ற முறையில் நான் அதற்கு உடன்பட முடியாது. பிறர் உழைப்பை நாம் எடுத்துக்கொள்வது முறையல்ல. ஆகவே அறிக்கையில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: முப்பத்தாறு கிலோ, அறுவை செய்த மருத்துவரும், உணவு ஆலோசகரும், ஊசி தேயத் தேய உடன் இருந்த கணவரும், எல்லாவற்றுக்கும் மேலாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிய அக்காவும் சேர்ந்து குறைத்தது. அதில் குழுவுக்கு எந்தப் பங்கும் இல்லை. மீதி நான்கு கிலோ, அதாவது பதினெட்டு நாளில் அந்த மனுஷியின் தசையிலிருந்து போன நான்கு கிலோ, முழுக்க முழுக்க நாங்கள் எடுத்தது.