நாலு செல்விகளும் குபீர் குமாரும்

ஒரு காலத்தில் என் பெயர் 'குபீர் குமார்'. அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் தரவில்லை, நானே வைத்துக்கொண்டேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுவது கொஞ்சம் கௌரவம்.

2004-ல் எனக்கு இருபத்து மூன்று வயது. பெருமுக்கல் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா அதில் மல்லாட்டைக் கடலை போட்டார், நான் மிமிக்ரி போட்டேன். அப்பாவுடையது விளைந்தது. திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எங்கே மைக் கட்டினாலும் நான் போய் நிற்பேன். காக்கா, ஆடு, ஸ்டார்ட் ஆகாத மொபெட் என்று ஆரம்பித்து, குண்டு மனைவி, திக்குவாய் வாத்தியார் என்று சூடேற்றி, கடைசியில் 'ஊர் ஐட்டம்' ஒன்றை எடுத்துவிடுவேன். ஏதாவதொரு பக்கத்து ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்வதுதான் ஊர் ஐட்டம். அந்த ஊர்க்காரர்கள் எதிரில் இல்லாதபோது மட்டுமே செய்வேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் கேசட் போட்டேன். பெயர், 'வயிறு ஜாக்கிரதை'. திண்டிவனத்தில் ஒரு கேசட் கடையின் மாடியில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறைதான் ஸ்டுடியோ. சிரிப்புச் சத்தத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. நானும் கீபோர்டு பாபுவும் கடைக்காரரும் சேர்ந்து சிரித்ததை ஆறு தடவை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தோம். பெருங்கூட்டமே உருண்டு புரண்டு சிரிப்பதுபோல் வந்தது. என் ஜோக்குக்கு நானே சிரித்து, அதை நானே கேட்டு, 'அடடா, என்ன வரவேற்பு!' என்று பூரித்தும் போனேன்.

கேசட்டில் சூப்பர் ஹிட் ஆனது மரக்காணம் ஐட்டம்தான். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் நான் ஏதோ சின்னத் தப்பு செய்தவன்போல் ஆகிவிடும்.

"உப்பளத்துல வேலை செய்யுற பொம்பளையை உச்சி வெயில்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெள்ளை உப்பு மேல கறுப்பா ஒரு நிழல் நகருது பாரு, அதான். அந்த நிழல் நின்னு வெத்தலை போட்டா, அது செல்வி அக்கா! செல்வி அக்கா, செருப்பு எங்க? பித்தவெடிப்புக்குள்ள வுழுந்துடுச்சு, தேடிக்கினு இருக்கேன்! செல்வி அக்கா 'ஏ புள்ள'ன்னு ஒரு குரல் வுட்டா, கீழ்புத்துப்பட்டு பார்டர்ல லாரியெல்லாம் பிரேக் போட்டு நிக்கும்!"

எனக்கு எந்தச் செல்வியையும் தெரியாது. மரக்காணம் வழியாக ஒருமுறை பஸ்ஸில் போனபோது, பாத்திகளுக்கு நடுவிலிருந்து யாரோ "ஏ செல்வி" என்று கத்தியது காதில் விழுந்தது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. மினி பஸ்களில் அந்தக் கேசட் ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, யார் யார் சிரிக்கிறார்கள் என்று எண்ணுவேன்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கரையில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவும் கூடாது.

2006-ல் ஒரு நாள் போன் வந்தது.

"குபீர் குமாருங்களா? மரக்காணத்துல இருந்து பேசுறேங்க. எங்க மகளிர் குழு ஆண்டு விழா. பகல் புரோகிராம்தான். வந்துடுங்க."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடிந்தது. அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். மரக்காணத்திலேயே ரசிகர்கள் இருக்கிறார்கள் என்றுதான் தட்டியது.

அம்மாவும் கிளம்பிவிட்டாள். என் நிகழ்ச்சி எதையும் அவள் பார்த்ததில்லை. எல்லாம் ராத்திரியில், ஆம்பளைக் கூட்டத்துக்கு நடுவில் நடக்கும். "இது பகல்ல, பொம்பளைங்க விழா. எம்புள்ள இன்னா பண்றான்னு நானும் பார்க்கணும் இல்ல?" என்று கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

உப்பு மூட்டை அடுக்கும் குடோனைக் கழுவி, ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அறுபது பெண்கள் இருப்பார்கள். அம்மா மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்து, ஐந்தே நிமிஷத்தில் பக்கத்திலிருந்தவளோடு மாமியார் கதை பேச ஆரம்பித்துவிட்டாள்.

நான் காக்காவில் தொடங்கினேன். சத்தமில்லை. ஆடு கத்தினேன். ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். கீபோர்டில் பாபு ஒரு 'டொய்ங்' கொடுத்தான். அது குடோன் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நல்ல உயரம். போனில் பேசிய அதே குரல்.

"தம்பி, அந்தச் செல்வி ஐட்டத்தைப் போடுங்களேன்."

ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். (இதை எழுதும்போதும் காது சூடாகிறது.) குஷியாக மைக்கை உயர்த்தி, "உப்பளத்துல வேலை செய்யுற பொம்பளையை..." என்று ஏற்ற இறக்கத்தோடு எடுத்தேன். பித்தவெடிப்பு வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் முன்வரிசைக் கால்கள் கண்ணில் பட்டன. சப்பணமிட்டும் நீட்டியும் இருந்த கால்கள். உப்புத் தண்ணீர் அரித்து வெளுத்து, பிளந்து கிடந்தன. ஒருத்தி புடவை நுனியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"மிச்சம்... மறந்து போச்சுங்க" என்றேன்.

"பரவால்ல. கேசட்டு வச்சிருக்கோம்" என்றார் உயரமான பெண்.

குடோன் ஸ்பீக்கரில் என் குரல் கணீரென்று வந்தது. நான் மேடையில் மைக்கோடு நிற்க, நானே என்னை விட உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். லாரி பிரேக் போட்டு நின்றதும் கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது, கேசட்டில்.

"சிரிக்கிறது யாரு?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நான்தாங்க" என்றேன். பாபு கீபோர்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"சரி, செல்வின்னு சொன்னியே, யாரைச் சொன்னே?" என்றார் உயரமானவர். "எங்க குழுவுல நாலு செல்வி. எந்திரிங்கடி."

மூன்று பேர் எழுந்தார்கள். நாலாவது அவரேதான்.

"யாரையும் சொல்லலீங்க. சும்மா ஒரு பேருக்கு..."

"அப்போ நாலு பேரையும் சொல்லியிருக்கே."

ஒல்லியான ஒரு செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் பொண்ணு ஏழாவது படிக்குதுங்க. அதுக்கு மத்தியானம் சோறு எடுத்துக்கினு போவேன். கேட்டுல நின்னா பசங்க 'டேய், நிழல் வருதுடா'ன்னு கத்துவானுங்க. இப்பல்லாம் அது என்னை வரவேணாம்னு சொல்லிட்டுது. பசியோடவே இருந்துக்கிறேன், நீ வராதம்மான்னுது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்.

நான் சட்டென்று கலைஞனுக்குரிய பெருந்தன்மையோடு மைக்கைப் பிடித்தேன். "என் நகைச்சுவையால யார் மனசாவது புண்பட்டிருந்தா..."

"பட்டிருந்தாவா?" என்றார் உயரச் செல்வி. "இவ்ளோ நேரமா இன்னா சொல்லிக்கினு இருக்கோம்?"

மைக்கைக் கீழே வைத்தேன். "தப்புங்க. மன்னிச்சிடுங்க" என்றேன். மைக் இல்லாததால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. "இன்னா சொல்றான்?" "மன்னிக்கணுமாம்." "யாரை?" "அவனைத்தான்!" என்று செய்தி கைமாறிப் போனது.

பெண்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது.

"சின்ன வயசுப் பையன், ஏதோ தெரியாம பேசிட்டான். வுட்டுடலாம்."

"தெரியாம பேசுறவன் கேசட்டு போட்டு விப்பானா?"

"சினிமாவுல இதைவிடக் கேவலமா பேசுறானுங்க. அவனுங்களை யாரு கேட்டா?"

"அவனுங்க நம்ம குடோனுக்கு வரட்டும், கேட்கலாம். இவன் வந்துட்டான்."

கடைசியில் உயரச் செல்வி கையைத் தட்டினார். "குழுவுல எது முடிவு பண்ணாலும் கை தூக்கித்தான் பண்றது. மன்னிக்கலாம்னு நினைக்கிறவங்க தூக்குங்க."

பாபு இரண்டு கையையும் தூக்கினான். "ஆம்பளைக்கு ஓட்டு இல்ல" என்று இறக்க வைத்தார்கள்.

பதினான்கு கைகள். அதில் ஒல்லிச் செல்வியின் கையும் இருந்தது. இன்றுவரை எனக்கு அது புரியவில்லை. கண்கள் தன்னால் மூன்றாவது வரிசைக்குப் போயின. என்னைப் பெற்றவள், கல்யாணப் புடவையில், இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தீர்மானம் தோற்றது. நான் பையைத் தூக்கினேன்.

"எங்க போறே?" என்றார் உயரச் செல்வி. "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. பசங்கள்லாம் ஆசையா வந்துக்குது. வேற எதுனா செய்."

பாக்கெட்டிலிருந்து ஐட்டம் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். குண்டு மனைவி, திக்குவாய், குருட்டுப் பிச்சைக்காரன், மாமியார். ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே வந்தால், இரண்டு வருஷத்துக் கலைப்பயணத்தில் மிஞ்சியது ஸ்டார்ட் ஆகாத மொபெட் மட்டும்தான். அரை மணி நேரமும் அதையே மிதித்தேன். மழையில் நனைந்த மொபெட், மேடு ஏறாத மொபெட், கடன் வாங்கிப் போனவன் பெட்ரோல் போடாமல் திருப்பிக் கொடுத்த மொபெட். எங்கேயோ நடுவில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. நிஜமான சிரிப்பு. கேசட்டில் நாங்கள் பதிந்ததுபோல் அது இல்லவே இல்லை.

கிளம்பும்போது சாப்பிட உட்காரச் சொன்னார்கள். தயங்கினேன். "அது வேற, சோறு வேற. குந்து" என்று உயரச் செல்வியே மீன் குழம்பை ஊற்றினார். அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பெருமுக்கல் மலை தெரியும் வரைக்கும் பொறுத்தேன். பிறகு பொறுக்கவில்லை.

"ஏம்மா, பதினாலு பேர் தூக்குனாங்க. நீ தூக்கியிருக்கக் கூடாதா?"

அம்மா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "நானும் கறுப்புதானடா" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன். எதிரே இருப்பதைப் பார்க்காமல் ஊரையெல்லாம் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

கேசட்டின் மிச்சப் பிரதிகளைக் கடையிலிருந்து எடுத்து வந்து அடுப்பில் போட்டேன். (நாற்றம் மூன்று நாள் போகவில்லை. அப்பா அதற்குத் தனியாகத் திட்டினார்.) குபீர் குமாரும் அத்தோடு ஒழிந்தான். இப்போது திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாக்களுக்குக் கூப்பிட்டால் பறவைகள், வண்டிகள் மட்டும்.

கல்யாணமான புதிதில் அம்மா இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் மன்னிப்பு எதுவும் நேரடியாகச் செல்லாது. பால் வாங்க மறந்தாலும் சரி, மாமனார் வீட்டு விசேஷத்துக்கு லேட்டாகப் போனாலும் சரி, "கை தூக்குங்க" என்பாள் மனைவி. மகள் சில சமயம் பாவப்பட்டுத் தூக்குவாள். அம்மா தூக்கியதே இல்லை.

போன வாரம் சமையலறையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அம்மா, வருஷம் எத்தனையோ ஆச்சு. அந்த உப்பளத்து விஷயத்துக்காச்சும் ஒரு தடவை தூக்கேன்."

"தோள்பட்டை வலிடா, மேல தூக்கவே முடியல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, எட்டி, அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கினாள்.