உளிச் சத்தத்தின் மேல் ஒரு புகார்

"அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துத்தான் ஆடுது சார். எழுதியே தர்றேன்."

அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் இருக்கும் அதிகாரி ஹரிஹரன், ஆன்லைன் சதுரங்கப் போட்டியின் நடுவர் சாமிடம் போனில் சொன்னார். இறுதிச் சுற்றுக்கு மூன்று ஆட்டம். முதலாவதை அவர் மகன் விஷால் ஜெயித்தான். இரண்டாவதன்போது ஹரிஹரனுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசி முடிப்பதற்குள் மாமல்லபுரத்துப் பூங்கொடி ஜெயித்துவிட்டாள். கோப்பை வந்தால் விஷாலுக்கு விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி இடம். அதைக் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவளின் மகள் தட்டிக்கொண்டு போவதா?

பூங்கொடியின் முதுகுப் பக்கம் இன்னொரு கேமரா வேண்டும் என்றார். அவள் அம்மா எல்லம்மாள், தன் போனைப் பாதி செதுக்கிய நந்தியின் கொம்பில் கட்டிவிட்டாள்.

மூன்றாவது ஆட்டம் நடக்கும்போதே மறுபடி சாமைக் கூப்பிட்டார். பூங்கொடி உட்கார்ந்து ஆடும் சிற்பப் பட்டறையில் இரண்டு தட்டு, நிறுத்தி மூன்று தட்டு கேட்கிறதாம். சங்கேதமாம்.

எல்லம்மாள் கேமராவுக்குள் முகத்தை நீட்டினாள். "இன்னா சார் பேஜாரு. உளி புடிக்கிறவன் எண்ணிக்கினா தட்டுவான்?"

இந்த வழக்கு தீர்வதற்குள் விஷாலின் ராணி போயிருந்தது.

சாம் சொன்னதும் உளிகள் நின்றன. வேலை நின்றுபோன பட்டறைச் சிற்பிகள் ஆறு பேரும் வந்து பூங்கொடியைச் சுற்றிக் குந்தினார்கள். ஆறு பேரும் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அடுத்த புகார். பாவம், அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுபுலி ஆட்டம். ஹரிஹரன் பேசிய ஐந்து நிமிடத்தில் விஷாலின் யானைகள் இரண்டும் காலி.

ஆட்டத்தையே ரத்து செய்யுங்கள் என்று கத்தினார்.

"பண்ணிடு சார்," என்றாள் எல்லம்மாள். "நேர்ல குந்தி பலகைல ஆடட்டும். எம் பொண்ணு வரும். அந்த சாரு புள்ள வருமா?"

அணுபுரத்தில் பாதிப் பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லும்போது ஹரிஹரனின் குரல் இறங்கிப்போயிருந்தது.

ஞாயிறு காலை, செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். கள்ளத்தனத்தை ஒழிக்க வந்தவர் என்று ஹரிஹரனுக்கு மேடையில் சால்வை போட்டார்கள். அதன் பிறகு சாம் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து எல்லோருடைய போனையும் வாங்கினார். ஹரிஹரனுடையதைக் கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வெள்ளைக் காய் விஷாலுக்கு. மணி அடித்தது. மண்டபம் அடங்கியது. விஷால் பலகையைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், முன்வரிசையில் வேர்த்துக்கொண்டிருந்த தகப்பனைப் பார்த்தான்.

"அப்பா, போனைக் குடுத்துட்டா இனிமே எதைப் பாத்து எனக்குச் சொல்லுவீங்க?"