லெவல் இன்னும் சரியாகவில்லை

உலகத்தில் பாடுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு இனம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வலது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு, இடது கையை உயரத் தூக்கி, "இருங்க, இருங்க, லெவல் பாத்துக்கறேன்" என்று சொல்லியபடி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்கிற இனம் இது. இந்த இனத்து மனிதரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு நல்ல பாட்டு காதில் விழுந்தால் மற்ற மனிதர்கள் தலையை ஆட்டுவார்கள். இவர் முகத்தைச் சுளிப்பார். "பின்னாடி 'உஸ்'ஸுனு ஒண்ணு வருது, கேக்குதுங்களா?" என்பார். உங்களுக்குக் கேட்காது. கேட்கவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டீர்களோ, அன்றிலிருந்து உங்களை அவர் மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த மரியஜோசப் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சேலத்தில் கம்ப்யூட்டர் வாங்கி, மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதன் முகம் தன் மார்போடு ஒட்டியிருக்கும்படி அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற்காடு வந்து சேர்ந்தார். பக்கத்து சீட்டில் மனைவி அமலி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் மேல படாம பாத்துக்க" என்றார் மரியஜோசப். அவரைப் பொறுத்தவரை அது ஆறுதல் வார்த்தைதான்.

அவரிடம் யாரும் யோசனை கேட்க வேண்டியதில்லை. தானாக வரும். டீக்கடையில் வரும், கோயில் வாசலில் வரும், சாவு வீட்டில்கூடச் சன்னமான குரலில் வரும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு ஜாண் தூரம் இருக்க வேண்டும். 'ப' வரும் இடத்தில் காற்று மைக்கில் மோதாமலிருக்க, கம்பி வளையத்தில் மெல்லிய நைலான் துணியைக் கட்டி நடுவில் வைக்க வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். சத்தத்தின் அளவு திரையில் சிவப்பைத் தொடக் கூடாது. "எக்கோங்கறது உப்பு மாதிரிங்க, கண்ணுக்குத் தெரியாம போடோணும்." பதிவு செய்ததைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, சமையலறை டேப் ரிக்கார்டரிலும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். முக்கியமாக, கரண்ட்டை நம்பாமல் அடிக்கடி சேமித்து வைக்க வேண்டும். இத்தனையும் சரி. ஒன்றில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இவ்வளவு தெரிந்தவர் எத்தனை பாட்டுப் பதிவு செய்திருப்பார் என்கிறீர்கள்? ஒன்றும் இல்லை.

இப்படி இருக்கையில், டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் சவரியம்மாள் அவரைத் தேடி வந்தார். அந்த அம்மாளின் ஒரே மகள் லூர்துசெல்வி நர்ஸ் படிப்பு முடித்து, பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, வரும் சனிக்கிழமை கிளம்புகிறாள். கோயில் பாடகர் குழுவில் அந்தப் பெண் மாதா பாட்டை எடுத்தால், பின் வரிசையில் கனைத்துக்கொண்டிருக்கும் கிழவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள்.

"அவ போயிட்டான்னா ஊடு வெறிச்சுனு கெடக்குமுங்க" என்றார் சவரியம்மாள். "அந்த மாதா பாட்டை ஒருக்கா புடிச்சுக் கேசட்டுல போட்டுக் குடுங்க ரைட்டருங்களே. வேலை முடிஞ்சு வந்து கேட்டுக்குவேன்."

"நாலு நிமிசப் பாட்டு. இதுல என்ன இருக்குதுங்க? நாளைக்கே முடிச்சுப்போடலாம்" என்றார் மரியஜோசப். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். இந்த இனத்தில் பொய்யர்களே கிடையாது.

திங்கட்கிழமை காலையில் அறையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்தார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. துணி தொங்கவிட வேண்டும், கனமான துணி. வருஷா வருஷம் குளிர்காலத்தில் எஸ்டேட் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுப்பது வழக்கம். அந்த வருஷத்துக்கான நாற்பது கம்பளிகள், பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதற்காக, ரைட்டர் பொறுப்பில் வந்து இறங்கியிருந்தன. அப்புறம் கேட்க வேண்டுமா? நான்கு சுவரிலும், கதவிலும், ஜன்னலிலும், கூரைக்குக் கீழே கயிறு கட்டியும் நாற்பதும் தொங்கின. திருஇருதய ஆண்டவர் படம் இருந்த இடத்தை மட்டும் பயந்து விட்டுவைத்தார். மாலையில் வந்த லூர்துசெல்வி உள்ளே நுழைந்து, மைக் முன்னால் நின்று, மூச்சை இழுத்து, புதுக் கம்பளியின் சுணை மூக்கில் ஏறிப் பதினோரு தும்மல் தும்மினாள். பதினொன்றும் துல்லியமாகப் பதிவாயின. அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, பாடுகிற நேரம் மட்டும் அவிழ்த்துவிட்டுப் பாடினாள். என்ன பாட்டு அது! அமலி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றவர், பால் பொங்கி வழிவதை மறந்து நின்றார். பாட்டு முடிந்தது. மரியஜோசப்பும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"மூணாவது அடியில பால் பொங்குன சத்தம் விழுந்திருச்சு" என்று சொல்லி, அதை அழித்தார்.

"ஏனுங்க, அழிச்சுப்போட்டீங்களா?" என்றார் அமலி.

"இது ட்ரையல்தானே. ஒரிஜினல் இனிமேத்தான்."

அடுத்த தடவை நாகலூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அழித்தார். அதற்கடுத்த தடவை எங்கேயோ ஒரு சேவல். அதையும் அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் திறந்து சுத்தமாகக் காலி செய்தார். டிஸ்க்கில் வேண்டாததை வைத்திருந்தால் இடத்தை அடைக்கும் என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று.

"மாமா, ஒண்ணையாச்சும் வச்சுக்கலாமில்லைங்களா? அம்மாவுக்குச் சேவல் சத்தமெல்லாம் பழக்கம்தானுங்க" என்றாள் லூர்துசெல்வி.

"கொறையோட வச்சா, உங்கம்மா காலம் பூரா கொறையைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோணும் கண்ணு. உங்கொரலுக்கு அது மரியாதை இல்ல."

இதுதான் இவர்களிடம் உள்ள சங்கடம். அந்தக் குரல் மேல் அவருக்கு இருந்த மதிப்பு உண்மையானது. ஊரில் வேறு யாருக்கும் அது இவ்வளவு துல்லியமாகக் காதில் விழுந்திருக்காது. அந்த மதிப்பினால்தான் அழித்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை எல்லாம் கூடி வந்தது. பஸ் இல்லை, சேவல் இல்லை, பால் இல்லை. கடைசி அடியின் கடைசி இழுப்பில் கரண்ட் போனது. அடிக்கடி சேமிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் சொன்னவர் அன்று சேமிக்கவில்லை. இருட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க அமலிக்கே பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை பதிவுக்கு உட்காரும்போது வாசலில் கூட்டம். முன்னால் வேலம்மாள், பறிப்புக் கூட்டத்தில் வாய் பெரியவர்.

"ரைட்டருங்க, கம்பளி வந்து நாலு நாளாச்சாம். பனி எலும்பைக் கடிக்குது. எங்க கம்பளி எங்கீங்க?"

"கொஞ்சம் பொறுங்க வேலம்மா. பாட்டுப் புடிச்சுக்கிட்டு இருக்குது."

வேலம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்பது கம்பளிகளும் சொகுசாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்குதுங்க நாயம்! செவுத்துக்குக் குளுருதுன்னு போத்தி உட்டுட்டு, எங்களைப் பொறுக்கச் சொல்றீங்களே!"

கால் மணி நேரத்தில் கம்பளிகள் பெயர் கூப்பிடாமலே போய்ச் சேர்ந்தன. மரியஜோசப் வெறும் அறையில் நின்று கை தட்டிப் பார்த்தார். "செவுரு பேசுது. இதுல பாடுனா நல்லாவே இருக்காது" என்று லூர்துசெல்வியைத் திருப்பி அனுப்பினார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்த மெத்தை, போர்வை, அமலியின் கல்யாணப் பட்டுச்சேலை வரை கொண்டுவந்து தொங்கவிட்டார். அன்றைக்கு லூர்துசெல்விக்குத் தொண்டை கட்டியிருந்தது. இத்தனை நாள் பாட்டும் தும்மலும் சும்மா விடுமா?

"இன்னைக்கு ரெஸ்ட் எடு. நாளைக்குக் காலையில ப்ரெஷ்ஷாப் பாடலாம்."

"நாளைக்கு ஒம்பது மணிக்குப் பஸ்ஸுங்க மாமா."

"ஏழு மணிக்கு வந்துரு. நாலு நிமிசம்தானே!"

சனிக்கிழமை சொன்னபடி ஏழு மணிக்கு வந்தாள். பயணத்துக்குக் கட்டிய புதுச்சேலை, தொண்டை தெளிந்திருந்தது. மரியஜோசப் ஹெட்போனை மாட்டினார். இடது கை உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். ஒயரைப் பிடுங்கிச் செருகினார், போகவில்லை. ட்யூப் லைட்டை அணைத்தார், போகவில்லை. "எர்த்து காஞ்சிருச்சு, அதான்" என்று கண்டுபிடித்து, வெளியே கேட்கும்படி முனகலை ஸ்பீக்கரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய், எர்த் கம்பி புதைத்த குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஐந்தாவது குடத்தில் முனகல் நின்றது. அவர் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. கை கால் எல்லாம் சேறாக, வெற்றி வீரராக உள்ளே வந்தார்.

மைக் முன்னால் யாரும் இல்லை.

"எட்டரை வரைக்கும் நின்னு பாத்தாளுங்க" என்றார் அமலி. "எங்கிட்டச் சொல்லிட்டு அழுதுக்கிட்டே போனா. நாலு நிமிசம், நாலு நிமிசம்னு ஆறு நாளா அந்தப் புள்ளையை நிக்க வச்சீங்களே, உங்களுக்கு மனசு இருக்குதா?" முப்பது வருஷமாகப் பொத்தி வைத்திருந்த கோபமெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரியம்மாள் நேராக ரைட்டர் வீட்டுக்கு வந்தார். கையில் பிரிக்காத ஒரு புதுக் கேசட். நாற்காலி போட்டும் உட்காராமல், கம்ப்யூட்டர் முன்னால் தரையில் சம்மணமிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

மரியஜோசப் தேடினார். பாட்டு ஒன்றுகூட இல்லை. அழித்தால் அழித்ததுதான், அந்த வேலையை அவர் அரைகுறையாகச் செய்ததே இல்லை. மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. பாடுவதற்கு முன் சத்தத்தின் அளவு பார்க்க, ஒவ்வொரு நாளும் அவளை எண்ணச் சொல்வார்; அதில் ஒன்று மட்டும் திருத்தமாக அமைந்துவிட, அளவுக்கு இருக்கட்டும் என்று பத்திரப்படுத்தியிருந்தார். வேறு வழியில்லாமல் அதைப் போட்டார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... போதுங்களா மாமா?"

பளிங்கு போல இருந்தது. முனகல் இல்லை, 'உஸ்' இல்லை, அவள் உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. சவரியம்மாள் முகம் மலர்ந்துபோயிற்று. "எம்புள்ளைங்க!" என்றார். "இன்னொருக்காப் போடுங்க." போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார்.

அது முடிந்த பிறகும் சவரியம்மாள் ஸ்பீக்கரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பாட்டு இதுக்கப்புறம் வருங்களா?"

மரியஜோசப் கையை நீட்டினார். புதுக் கேசட்டை வாங்கிப் பிரித்து, ஒன்று முதல் நாலு வரை அதில் ஏற்றிக் கையில் கொடுத்தார். லெவல் பார்க்கவில்லை. அந்த அம்மாள் விஷயத்தைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, "கொரலாச்சும் இருக்குதேங்க, போதும்" என்று கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மரியஜோசப் வெட்கத்தில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார். உண்மையான வெட்கம். கால் மணி நேரம் இருந்தது. பிறகு மெல்ல ஹெட்போனை எடுத்து மாட்டி அந்த எண்ணிக்கையை மறுபடி கேட்டவர், "அமலி, அந்த 'மூணு'ல பேஸ் கொஞ்சம் கம்மியா இருந்திருக்குது பாரு" என்றார்.

அமலி பார்க்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'எல்லாம் சரி, நடுவில் அந்தக் கம்பளி வாக்கியம் கொஞ்சம் நீளம், அதை மட்டும் திருத்தியிருக்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயவுசெய்து இதைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் திருத்தி முடிக்கட்டும் என்று உங்கள் வீட்டில் யார் காத்து நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.