ஒரே வருஷத்தில் மூன்று ஐப்பசி

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வருஷத்துக்கு மூன்று மழைக்காலம் உண்டு என்று கண்டுபிடித்த விஞ்ஞானி நான்தான். (கைதட்டாதீர்கள், முழுக்கதையையும் கேளுங்கள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லூரியில் கடைசி வருஷம். எனக்கும் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். அருப்புக்கோட்டை, பாலவனத்தம், வீரசோழன் மூன்று ஊரின் மாதவாரி மழையளவையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கி, ஒரு வருஷ வரைபடம் போட வேண்டும். எண்களை அலைந்து திரட்டியது அவள். புரோகிராம் எழுதியது மேதாவியான நான். தேறாவிட்டால் எனக்கு அப்பாவின் நூல் கடை இருந்தது. அவளுக்கோ மதுரையில் மேல்படிப்புக்குக் கிடைத்திருந்த இடம் போய்விடும்.

மூன்று ஊரின் எண்களையும் பக்கம் பக்கமாக நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு வரி, அதில் மூன்று ஊரும். நானோ பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டேன். முதல் ஊரின் டிசம்பர் முடிந்ததும் அடுத்த ஊரின் ஜனவரி. எல்லாம் ஒரே ஊர் மழை என்று கம்ப்யூட்டர் நம்பிவிட்டது. தேர்வன்று பிரிண்டர் கரகரவென்று துப்பிய தாள் தரையைத் தொட்டது. அதில் மூன்று மலைகள்.

"இது என்ன தம்பி?" என்றார் தேர்வாளர்.

"இந்தப் பக்கம் வருஷத்துக்கு மூணு மழைக்காலம் சார்!"

"நான் பாலவனத்தத்துக்காரன். மூணு மழை பெஞ்சா, நான் ஏன்யா வாத்தியார் வேலைக்கு வாரேன்? வெவசாயம் பாத்துக்கிட்டு ஊர்லயே கெடந்திருப்பேனே!"

அதோடு வாயை மூடியிருக்கலாம். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது சார்" என்றேன். பின்வரிசை சிரித்தது.

ஸ்டெல்லா எழுந்தாள். "எண்ணெல்லாம் சரிதான் சார். நிக்கிற இடந்தான் தப்பு. கொஞ்ச நேரம் குடுங்க." என் பக்கம் திரும்பி, "தள்ளு" என்றாள். தள்ளினேன்.

அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. மாதங்களை வரிசையாக்கி, ஊர்களைத் தோளோடு தோள் நிறுத்தினாள். இப்போது மூன்று கோடுகளும் ஐப்பசியில் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கின. இப்படியும் ஒரு மனுஷியா என்று வாயைப் பிளந்து நின்றேன்.

"இதுதாம்மா எங்க ஊரு!" என்றார் தேர்வாளர். இருவரும் தேறினோம். அவள் மதுரையில் படித்து முடித்தாள். எனக்கு அந்தப் பிரமிப்பு மட்டும் தீரவில்லை. இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைத்து அவளையே கல்யாணம் செய்துகொண்டேன்.

இன்றும் தூறல் போட்டால் மகள் ஜன்னலைத் திறந்து கத்துவாள்: "அப்பா, இந்த வருஷத்துக்கு இது எத்தனாவது ஐப்பசி?"

நான் வாய் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பதில் வரும்: "இது பாலவனத்தத்து மழைடி. வீரசோழன் மழை பின்னாடி வரிசையில நிக்கிது!"