ஷிப்ட் பஸ்ஸில் ஏறிய உப்பு

குப்பியில் இருந்த தண்ணீர் நீலமாக மாறவில்லை. தண்ணீர் டெக்னீஷியன் இளம்பரிதி இன்னொரு சொட்டு சோதனை மருந்து விட்டுக் குலுக்கினான். அப்போதும் சிவப்பு.

"கலர் அழகா இருக்குதே சார்?" என்றாள் நர்ஸ் வெண்மதி.

"அழகில்ல சிஸ்டர், ஆபத்து. தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. இப்படியே ஆர்.ஓ. மெஷினுக்கு வுட்டா உள்ள இருக்கிற சவ்வு அடைச்சுக்கும். எப்படின்னா..."

வெண்மதி நழுவிவிட்டாள். தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது என்று யாராவது கேட்டால் இளம்பரிதி சோற்றை மறந்து விளக்குவான். கேட்காவிட்டாலும் விளக்குவான்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "மதியத்துக்குள்ள தண்ணி ரெடியாகலைன்னா நாலு பேஷண்டையும் கடலூருக்கு அனுப்பிடுவேன். அப்புறம் இந்த டயாலிசிஸ் சென்டருக்கு டவுன்ஷிப்ல எவன் வருவான்?"

காரணம் சுலபமாகத் தெரிந்தது. சுண்ணாம்பை நீக்கும் சிலிண்டரோடு இணைந்த உப்புத் தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. உப்பு தீர்வது வழக்கம்தான். பக்கத்தில் கல்லுப்பு மூட்டை இருக்கும், அள்ளிக் கொட்டுவான். இன்று மூட்டையைக் காணோம்.

கேன்டீனுக்கு ஓடித் தூள் உப்பு வாங்கி வந்து கொட்டினான். அது தொட்டியின் அடியில் பாறையாக இறுகிக் குழாயை அடைத்தது. கம்பியால் குத்தினான். குழாய் கையோடு வந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் வராந்தா வரை ஓடியது.

"ஐயோ, உப்புத் தண்ணி!" என்று வெண்மதி போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.

ஒருவர் மட்டும் எழவில்லை. நோயாளி சிங்காரவேலின் மனைவி கஸ்தூரியம்மாள். பெட்ஷீட் போர்த்திய ஒரு மேட்டின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதன் ஓரத்தில் கல்லுப்பு சிந்தியிருந்தது.

"எங்க மூட்டையாம்மா அது?"

"ஆமாந்தம்பி, நான்தான் இழுத்துக்கினு வந்தேன். எங்க வூட்டுக்காரருக்கு உப்பே ஆகாது. நீங்க இங்க மூட்டையோட வச்சிருந்தா எப்படி?"

இளம்பரிதியின் முகம் மலர்ந்தது. கேட்டுவிட்டார்கள்!

"அம்மா, இந்த உப்பு அவரு உடம்புக்குள்ள போகாது."

"அதில்ல தம்பி..."

"கேளுங்க. அந்தச் சிலிண்டர்ல ரெசின்னு குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மணிங்க இருக்கு. ஷிப்ட் பஸ்னு வச்சுக்குங்க. சீட்டெல்லாம் உப்புல இருக்கிற சோடியம் உக்காந்திருக்கு. தண்ணியில வர்ற சுண்ணாம்பு ஏறினா, சோடியம் எழுந்து எடம் குடுத்துடும். பஸ் முழுக்கச் சுண்ணாம்பு ரொம்பிடுச்சுன்னா?"

"நான் என்ன சொல்ல வரேன்னா..."

"அப்பதான் உப்புத் தண்ணி! கும்பலா ஏறி, சுண்ணாம்பைத் தள்ளிக்கினு போயி டிரெய்னேஜ்ல எறக்கிடும். பஸ் மறுபடியும் ரெடி!"

"மிச்ச உப்பு?" என்று கேட்டார் இன்னொரு நோயாளியான தாஜுதீன்.

"நல்ல கேள்வி பாய்! முதல்ல கழுவி வுட்டுடுவோம். அதையும் மீறி வர்றதை ஆர்.ஓ. சவ்வு தடுத்துடும்."

"எங்க வாத்தியாருகூட இப்படிச் சொல்லித் தரலப்பா," என்று தாஜுதீன் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

கஸ்தூரியம்மாள் டாக்டரம்மாவைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு எழுந்தார்.

"போதும்டா சாமி. எடுத்துக்கினு போ."

இளம்பரிதி இறுகிய தூள் உப்பைச் சுரண்டி எடுத்ததும் கல்லுப்பு தொட்டிக்குத் திரும்பியது. குழாயை மாட்டித் தண்ணீர் விட்டான். சுண்ணாம்பெல்லாம் இறங்கி, மணிகள் நன்றாகக் கழுவப்பட்டதும் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டான். நீலம்! நாலு இயந்திரங்களும் ஓடத் தொடங்கின. டாக்டரம்மா எல்லார் முன்னாலும் அவனுக்குக் கைகொடுத்தார். இளம்பரிதிக்கு மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்த சிங்காரவேல், மனைவி அந்தப் பக்கம் போனதும் அவனைச் சைகை காட்டி அழைத்தார்.

"பலே தம்பி! போன தடவை நான் மாங்கா பத்தையோட உங்க தண்ணி ரூமுக்குள்ள போயி உப்பு தொட்டுக்கினதைப் பாத்துட்டுத்தான் அவ மூட்டையை ஒளிச்சா. நீங்க பேசிப் பேசியே திருப்பி வைக்க வச்சிட்டீங்க, அடுத்த வாட்டி உங்களுக்கும் ரெண்டு பத்தை எடுத்துக்கினு வரேன்!"