ஹம்மஸுக்கு உரை எழுதுகிறவர்

பெய்ரூத்தில் புதுப்பாணி உணவகங்கள் முளைத்தபோது, கூடவே ஓர் இனமும் முளைத்தது. சமையற்காரர் இல்லை, பரிமாறுகிறவரும் இல்லை. உங்களோடு சாப்பிட உட்காருகிறவர்தான். ஆனால் சாப்பிட மாட்டார், உங்களையும் சாப்பிட விடமாட்டார். விளக்குவார். தட்டுக்கு உரையாசிரியர் என்று நான் இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் சுலபம். தட்டு வந்ததும் நீங்கள் கரண்டியைத் தூக்குவீர்கள், இவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். "இருங்க, இருங்க!" பிறகு கண்ணை மூடி, பார்ஸ்லி இலையும் தக்காளியும் நறுக்கிப் போட்ட தபூலேயில் கடுகளவு வாயில் போட்டு, மூக்கால் பெருமூச்சு விட்டு, துக்க வீட்டுக் குரலில் ஆரம்பிப்பார்: "இது தபூலே இல்ல. தபூலேயோட ஞாபகம்." ஞாபகத்தைத் தின்று யாருக்கு வயிறு நிறைந்திருக்கிறது?

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் பெயர் வஜ்தி. என் அக்கா நாய்லாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அப்பாவின் சம்மதத்துக்காக ஒரு ஞாயிறு மதியம் எங்களை அப்படியோர் உணவகத்துக்கு அழைத்தார். "கூட உக்காந்து சாப்பிட்டாத்தான் ஆளைத் தெரியும். சாப்பிட்டு முடிச்சதும் சொல்றேன்" என்றார் அப்பா. அவர் எங்கள் ஊரான சைதாவில் முப்பது வருஷமாகக் கொண்டைக்கடலையை அரைத்து ஹம்மஸ் விற்கும் கடை நடத்துகிறவர். அக்கா இதை வஜ்தியிடம் சொல்லியும் இருந்தாள். சொல்லி என்ன?

ஞாயிறு மதியம் என்றால் தட்டுகளுக்கு நடுவே மேசையின் மரம் தெரியக் கூடாது. அங்கே மரம்தான் தெரிந்தது. முதலில் ஹம்மஸ் வந்தது: ஒரு கரண்டி நுரை, அதன்மேல் ஏழு எலுமிச்சை முத்துகள்.

"மாமா, கொண்டைக்கடலைன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும்."

"முப்பது வருஷமா முயற்சி பண்றேன் தம்பி. சொல்லுங்க."

சொன்னார். கடலையை அரைத்து, சல்லடையில் தேய்த்து, காற்றடைத்த குப்பியில் நிரப்பிப் பீய்ச்சுவது ஏன் என்றும், தக்காளியை வடிகட்டி நிறமில்லாத தண்ணீராக்கினால்தான் தபூலே நாணத்தோடு பேசும் என்றும், அடுத்து வந்த ஆட்டுக்கறி பதினெட்டு மணி நேரம் வெந்நீரில் தியானம் செய்தது என்றும் சொல்லிக்கொண்டே போனார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ருசியில் குறையே இல்லை. கறி நாக்கில் கரைந்தது. கரைவதைக் கவனிக்கத்தான் அவர் விடவில்லை.

"ரொட்டி இருக்கா?" என்றார் அப்பா.

"இங்க ரொட்டி தனியா வராது மாமா. சுட்ட ரொட்டியோட வாசனைய அந்த நுரைக்குள்ள ஏத்தியிருக்காங்க. மூச்ச இழுத்துப் பாருங்க."

அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அவள் கல்யாணம் அந்த மூச்சில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அப்பா இழுத்தார். வேறொரு வாசனை கிடைத்தது. எழுந்து நேராகச் சமையலறைக்குள் நடந்தார். பின்னால் நாங்கள் ஓடினோம். அங்கே சமையற்காரர்கள் தங்களுக்கென்று ஆக்கிய முஜத்தராவை, அதாவது கருக வறுத்த வெங்காயம் போட்ட பருப்புச் சோற்றை, சட்டியைச் சுற்றி நின்று ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள். தலைமைச் சமையற்காரர் அசடு வழிய நகர்ந்து இடம் விட்டார். "வாங்கண்ணே. இது எங்களுக்கு ஆக்கினது."

"மாமா, இந்த வெங்காயம் ஏன் இப்படிக் கருகியிருக்குன்னா..." என்று விரலைத் தூக்கினார் வஜ்தி.

அப்பா ரொட்டியைக் கிழித்து, சோற்றை அள்ளி மடித்து, அவர் வாய்க்கு நேரே நீட்டினார். பெரியவர் கையால் நீட்டும் கவளத்தை எங்கள் ஊரில் மறுக்க முடியாது. வஜ்தி வாங்கிக்கொண்டார். மென்றார். கண்ணை மூடவில்லை. விரல் தானாக இறங்கியது. சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே மறுபடி வாயைத் திறந்தார். அக்கா ஆசைப்பட்ட ஆளை நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

"வாய் நிறைஞ்சிருந்தா நல்ல பையன்தான்" என்றார் அப்பா. "நிறைச்சுக்கிட்டே இருப்பியா நாய்லா?"

"இருப்பேம்பா."

"அப்போ எனக்குச் சம்மதம்."

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வஜ்தி பதினொரு கிலோ கூடியிருக்கிறார். நாய்லா புருஷனுக்கு எவ்வளவு ஆசையாக ஊட்டுகிறாள் என்று ஊரே மெச்சுகிறது. வஜ்தியும் அப்படித்தான் நம்புகிறார்.

அவர் கதை இருக்கட்டும். நீங்கள் சாப்பாட்டைப் பற்றி வாயெடுக்கும்போதெல்லாம், வீட்டில் யாராவது தட்டை உங்கள் பக்கம் தள்ளி, "முதல்ல சாப்பிடுங்க, ஆறிடப்போகுது" என்கிறார்களா? பாசம் என்றுதானே இத்தனை நாளும் நினைத்தீர்கள்?